சாட்சி சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமை

இதை நான் தப்பாகத்தான் சொல்லப் போகிறேன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தப் பெயர் வந்து விழுந்துவிடும், என் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கிற சாமர்த்தியம் எங்கிருந்து வரும்? படித்தவர்களுக்கு வரும். பாதியைச் சொல்லி, பாதியை முழுங்கி, முழுங்கினது தெரியாமல் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் வாயைத் திறந்தால் மாவு வாளி கவிழ்ந்த மாதிரி எல்லாம் வெளியே வந்துவிடும். என் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லலாம். அதுவரை சரி. கை வெந்துபோய் வந்தாள் என்றால் எப்படி வெந்தது என்பார்கள். கொதிக்கிற கஞ்சியை ஊற்றிவிட்டான் என்றால் எவன் என்பார்கள். புருஷன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, ஏனென்றால் அந்தப் புருஷனைப் பெற்றவள் எனக்கு நேர் முன்பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். ரூபிபாய். கொண்டை வலைக்குள் ஒரு முடிகூடப் பிசகாமல், முதுகை நேராக வைத்துக்கொண்டு, நல்ல குரலில் பாடுகிறாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் நல்ல குரல். மகன் ஸ்டான்லி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு வாசிக்கிறான். அவன் விரல் அதில் ஓடுகிறதைப் பார்த்தால் இந்தக் கை ஒரு ஈயைக்கூட அடிக்காது என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு பாட்டு முடிந்தால் எங்கள் சபை ஐயரின் மனைவி, ஐயரம்மா, சாட்சி சொல்ல என்னை மைக்குக்குக் கூப்பிடுவாள். உபவாசத்தில் வெறும் வயிறு எரிகிறது. எரிகிறது வயிறு மட்டுமா என்றும் தெரியவில்லை.

ஷீபா, ரூபிபாயின் மருமகள், போன வாரம் ஒரு மத்தியானம் என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். மாவு வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் பாத்திரம் எங்கே என்று கேட்டேன். பாத்திரம் இல்லை. இடது கையைச் சேலையால் சுற்றியிருந்தாள். சேலை தோலோடு ஒட்டியிருந்தது. அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை தடவை நினைத்தாலும் அதிலேயேதான் போய் நிற்கிறேன். தண்ணீரை ஊற்றி ஊற்றி, துணியை நூல் நூலாகப் பிரித்தேன், அவள் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்குமோ என்னவோ. எனக்கு வந்தது கோபம். ஏன் என் வீட்டுக்கு வந்தாள்? கோயில் தெருவில் எத்தனை வீடு இருக்கிறது, ஆறு அறை உள்ள வீடுகள், வாசலில் வசனம் எழுதிய வீடுகள். என்னிடம் இருப்பது ஒரு அறையும், சுவரோடு சாய்த்து இறக்கி கிரைண்டர் போட்டிருக்கிற சாய்ப்பும். வீட்டுக்காரர் ஓட்டுகிற லோடு ஆட்டோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். "வேற யாரு வீட்டுக்குப் போவேன்க்கா" என்றாள். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, இருக்கிற அண்ணன்காரன் போனில் "கோபத்துல செஞ்சிருப்பாரு, நீ போய் மன்னிப்புக் கேளு" என்றானாம். வெந்தது இவள் கை, மன்னிப்பும் இவள்தான் கேட்க வேண்டுமாம். அதைக் கேட்டபோது கையில் இருந்த கரண்டியைச் சுவரில் எறிந்தேன். கரண்டி கோணிப்போனது. அதற்கும் அவளையே திட்டினேன்.

இரக்கம் என்றால் மனசு உருகுவது என்று ஐயரம்மா போன வெள்ளிக்கிழமை சொன்னாள். இந்த மாதத் தலைப்பே அதுதான். எனக்கு ஒன்றும் உருகவில்லை. அவளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. குழம்பில் கிடக்கிற சின்ன வெங்காயத்தை எல்லாம் பொறுக்கி ஓரத்தில் வைக்கிறாள். உள்ளி விற்கிற விலைக்கு நான் இந்த ராணியம்மாவுக்குத் தனிக் குழம்பு வைக்க முடியுமா? குழாயைத் திறந்தால் மூட மாட்டாள். கிரைண்டர் ஓடும்போதுதான் அழுகிறாள், சத்தம் வெளியே கேட்காது என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அழுகிறவளுக்கு இவ்வளவு யோசனை இருக்கிறதே என்று அதற்கும் எரிச்சல். ஆனாலும் காலையில் கஞ்சி வடிக்கிற சட்டியை நான் அவள் பக்கம் கொண்டுபோவதில்லை. வெளியே எடுத்துக்கொண்டுபோய் வடிக்கிறேன். ஆவியைக் கண்டால் அவள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். இதையெல்லாம் மைக்கில் எப்படிச் சொல்வது? கர்த்தர் என் உள்ளத்தில் ஏவினார் என்று ஆரம்பிக்க வேண்டும், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். என்னை யாரும் ஏவவில்லை. அவள் வந்து நின்றாள். கதவைச் சாத்தினால் அவள் விரல் நசுங்கியிருக்கும், அவ்வளவு பக்கத்தில் நின்றாள்.

எல்லாம் அந்தப் பழைய வேட்டியால் வந்தது. புண்ணுக்குச் சுற்ற நல்ல நைந்த துணி வேண்டும், என் வீட்டில் எல்லாம் நைலக்ஸ். ஐயர் வீட்டில் வெள்ளை வேட்டி இருக்கும் என்று போய்க் கேட்டேன். இந்த ஐயரம்மா இங்கே மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை, நல்ல மனசுதான், நல்ல மனசு இருக்கிறவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். எதுக்கு அக்கா என்று கேட்டாள். வீட்டில் ஒரு பெண் வந்திருக்கிறாள், கையைச் சுட்டுக்கொண்டாள், போக்கிடம் இல்லாதவள் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தேன், பெயர் சொல்லவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதுதான் சாட்சி! இதை மறைச்சு வைக்கக் கூடாது. வர்ற வெள்ளிக்கிழமை நீங்க சொல்றீங்க, நாலு பேருக்கு எழுப்புதலா இருக்கும்" என்றாள். சரிங்கம்மா என்றேன். ஏன் சொன்னேன்? ஐயரம்மா சொன்னால் சரிங்கம்மா என்றுதான் வரும், சின்ன வயதிலிருந்து நாக்குக்கு அதுதான் பழக்கம். அவளிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அவளிடம் சொன்னால் ஐயருக்குப் போகும். ஐயருக்குப் போனால் கமிட்டிக்குப் போகும். கமிட்டி என்றால் செயலர், செயலர் என்றால் ரூபிபாய் புருஷன். அப்புறம் ஐயர் முன்னால் உட்கார வைத்து இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்து ஜெபம் பண்ணி, வெந்த கையைப் பிடித்துத்தான் சேர்த்து வைப்பார்கள், சாயங்காலமே அவளை அந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பம் ஒன்றுசேர்ந்தது என்று கேக் கொடுப்பார்கள். இன்றைக்கு வராமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தேன். கூட்டத்துக்கு வராதவளை அப்படியே விடுகிற வழக்கம் இங்கே இல்லை. என்ன சுகமில்லையோ என்று ஐயரம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீடு சந்திக்க வருவாள், அடுப்படிவரை வந்து நின்றுதான் ஜெபம் பண்ணுவார்கள்.

அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிக் கழுதைமேல் போட்டுக்கொண்டு போனவன் கதையை ஐயர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். அவனுக்கு என்ன, போகிற வழியில் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். அடித்தவனுடைய அம்மாவோடு ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து அவன் பாட்டுப் பாட வேண்டியிருந்ததா? இவன்தான் தூக்கினான் என்று யாராவது அவனை மைக்கில் கூப்பிட்டார்களா? தர்மம் செய்தால் தாரை ஊதிக்கொண்டு திரியாதே என்றுதானே கர்த்தர் சொல்லியிருக்கிறார். இங்கே ஊதாவிட்டால் அது தர்மமே இல்லை. ரூபிபாய் கிறிஸ்துமஸுக்குக் குஷ்டரோகிகள் இல்லத்துக்குப் போய் ஒவ்வொருவருக்கும் தன் கையால் துண்டு போர்த்துவாள். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், அவள் கண்ணில் தண்ணீர் வரும், நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கண் எப்படித் தன் வீட்டு அடுப்படியைப் பார்க்காமல் போகிறது? "கை வழுக்கிடுச்சு, சட்டி சாஞ்சிடுச்சு, அதுக்குக் கோவிச்சுக்கிட்டு எங்கேயோ போய்ட்டா" என்று எல்லாரிடமும் சொல்கிறாள், கை வெந்ததைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பொய்யும் இல்லை. வழுக்கிவிட்டது என்று நம்பிவிட்டாள். நம்பாமல் அவளால் இந்தப் பாயில் உட்கார முடியாது.

"என்னளா, மூஞ்சி ஊதின பணியாரம் மாதிரி இருக்கு" என்று செல்வபாய் மைனி என் விலாவில் இடிக்கிறாள். என் பெரிய நாத்தனார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இவளுக்கும் ஒன்றும் தெரியாது. "சாட்சி சொல்லப் போறவ கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வரக் கூடாதா?"

"சும்மா இருங்க மைனி, பாட்டு நடக்கு."

"பாட்டு எங்க ஓடியா போகுது. பயமா இருக்கோ? மைக்கு கடிக்காதுளா. நான் பிடிச்சா விடவே மாட்டேன்."

அவள் சிரிப்புச் சத்தத்துக்கு ரூபிபாய் திரும்பிப் பார்க்கிறாள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "புஷ்பம், நேத்து மாவுல புளிப்பு ஜாஸ்தி. ஸ்டான்லி தட்டை அப்படியே தள்ளி வச்சுட்டான் பாத்துக்க."

"வெயிலு, ரூபி அக்கா" என்கிறேன். தட்டைத்தான் தள்ளினானா, அல்லது தட்டும் பறந்ததா என்று கேட்க நாக்கு வருகிறது. கடித்துக்கொள்கிறேன். பார், இதுதான் என் வாய். இப்படித்தான் விழுந்துவிடும். "நாளைக்கு நல்லதாப் பாத்துக் கொடுத்துவிடுதேன்" என்கிறேன். அவள் மகனுக்கு என் மாவு, அவள் மருமகளுக்கும் என் மாவு. ஒரே கிரைண்டர். சீ, என்ன யோசிக்கிறேன், பாட்டு எந்த அடியில் இருக்கிறது? பக்கத்து அறையிலிருந்து கஞ்சி வாசனை வருகிறது. கூட்டம் முடிந்து உபவாசத்தை முடிக்கிறவர்களுக்குக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும், இந்த வாரம் ரூபிபாய் உபயம். மருமகள் திரும்பி வர வேண்டும் என்று நேர்ந்துகொண்ட பொருத்தனைக்காக. மூடியைத் திறந்து திறந்து கிண்டுகிறார்கள், ஆவி ஜன்னல் வழியாக வந்து என் கழுத்தில் படுகிறது, என் இடது கை தானாகச் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. என்னுடைய கைக்கு என்ன ஆயிற்று, என் கை வேகவில்லையே. இந்தக் கஞ்சியை நான் குடிக்க மாட்டேன், குடிக்காவிட்டால் ஏன் குடிக்கவில்லை என்பார்கள்.

பாட்டு முடிந்துவிட்டது. முடிந்தது எனக்குத் தெரியவில்லை. ஐயரம்மா மைக்கைத் தட்டிப் பார்க்கிறாள். நான் எழுந்திருக்க வேண்டும். என்ன சொல்வது என்று இவ்வளவு நேரம் யோசித்ததில் ஒரு வரிகூட நிற்கவில்லை. ஐயரம்மா என்னைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டாள், சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. "சகோதரிகளே, இரக்கத்தைப் பத்தி நாம படிக்கிறோம், பாடுறோம். நம்ம தங்கபுஷ்பம் அக்கா அதைச் செஞ்சுக்கிட்டு இருக்காங்க. கையெல்லாம் வெந்து, போக்கிடம் இல்லாம வந்த ஒரு பொண்ணை இந்த நிமிஷம்வரைக்கும் தன் வீட்டுல வச்சு..." ஐயோ அம்மா. ஐயோ, நிறுத்து. மரத்துக்கு மேலே கட்டியிருக்கிற ஸ்பீக்கர் குழாய் தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் எப்படித் தப்பாகச் சொல்வேனோ என்று பயந்துகொண்டிருந்தேன், தப்பாகச் சொல்ல நான் தேவையே இல்லை. ரூபிபாயின் கழுத்து திரும்புகிறது. முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம் கண். "யாரு பொண்ணு புஷ்பம்? நம்ம ஆளா?" என்று மெதுவாகக் கேட்கிறாள். பதில் நான் சொல்லவில்லை, என் முகம் சொல்லிவிட்டது, அவள் முகத்தில் அதைப் பார்த்தேன். அவள் கை கைப்பைக்குள் போகிறது. போனைத் தேடுகிறது. ஸ்டான்லியின் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பைக்கில் வர எவ்வளவு நேரம் ஆகும்? வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. எழுந்துபோய் ஐயரம்மா கையிலிருந்து மைக்கை வாங்கிவிட்டேன். வாங்கினேனா பிடுங்கினேனா தெரியாது.

"சாட்சி அப்புறம் சொல்லுதேன்" என்கிறேன். குழாயில் என் குரல் எவளோ சண்டைக்காரி குரல் மாதிரி திரும்பி வருகிறது. "முதல்ல நம்ம ரூபி அக்காவுக்காக ஜெபிக்கணும். அவங்க மருமக பத்திரமா இருக்கணும், ஒருத்தரும் அவமேல கை வைக்காம இருக்கணும். எல்லாரும் முழங்கால் போடுங்க. கண்ணை மூடுங்க. ரூபி அக்கா, உங்களுக்காகத்தான், முன்னால வாங்க. அம்மா, அவங்க தலையில கைய வைங்க." ஐயரம்மாவுக்கு மறுபடியும் கண் நிறைந்துவிட்டது, ரூபிபாய் தலையில் இரண்டு கையையும் வைத்துவிட்டாள். கோயில் முழுக்க முழங்காலில் நிற்கிறது, அவளுக்காக. தன் தலைமேல் கை வைத்து ஜெபிக்கும்போது எவள் போனை எடுப்பாள்? கைப்பையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு அவள் முழங்கால் போடுகிறாள். கண்ணை மூட ஒரு கணம் தயங்குகிறாள். என்னைப் பார்க்கிறாள். மூடிவிட்டாள். "செல்வபாய் மைனி ஜெபம் நடத்துவாங்க" என்று மைக்கை மைனி கையில் திணிக்கிறேன். மைனி ஜெபித்தால் நாட்டுத் தலைவர்களில் ஆரம்பித்து, மழை, கருவேல மரம், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வெளிநாட்டில் இருப்பவர்கள், கால்நடை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் ஆமென்னுக்கு வருவாள். ஜெபத்தின் நடுவில் கண் திறக்கிறவள் இந்தச் சபையில் யாரும் இல்லை, பக்கத்தில் கூரை விழுந்தாலும் மூடித்தான் இருக்கும். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று மைனி இழுக்கும்போது நான் பக்கவாசலில் இருக்கிறேன்.

செருப்பு போடவில்லை. கல் சுடுகிறது, நான் ஓடுகிறேன், இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடுகிறேன், குழாய் என் தலைக்கு மேலே நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்துக்கொண்டு கூடவே வருகிறது. கோபம் கோபமாக வருகிறது. நான் என்ன திருடியா? ஒருத்தியைக் காப்பாற்றுகிறதற்கு ஆண்டவர் பெயரைச் சொல்லி இத்தனை பேர் கண்ணை மூட வைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. இது பாவமா? பாவம் என்றால் யார் கணக்கில்? இவர் வண்டிக்குப் பின்னால் பாயைப் போட்டு அசந்து கிடக்கிறார். உலுக்குகிறேன். "என்னட்டி, அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிட்டா?" என்கிறார். "வண்டியை எடுங்க. அவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க." எங்கே என்று நான் சொல்கிறேன், அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் சட்டையை மாட்டுகிறார், அதற்காக மட்டும் இந்த மனுஷனுக்கு எத்தனை மீனும் பொரித்துப் போடலாம். எந்த ஊர் என்று நான் இப்போது நினைக்க மாட்டேன். நினைத்தால் வாயில் வந்து நிற்கும். ஷீபா குழாய் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், சாய்ப்பு மூலையில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அக்கா, உங்களுக்குப் பாரமாயிட்டேனே."

"ஆமா, பாரம்தான். பேசாம ஏறு."

"நீங்க வரலியா?"

"நான் எங்க வர? உன் மாமியாளைக் கண்ணை மூட வச்சிட்டு வந்திருக்கேன், திறக்கிறதுக்குள்ள போகணும். போற இடத்துல வெங்காயத்தைப் பொறுக்காதே, அவ என்னை மாதிரி பொறுத்துக்கிட மாட்டா. கைக்கட்டு நனைய விடாதே. ஏறுட்டி."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காலி மாவு வாளிகளுக்கு நடுவில் அவளை உட்கார வைத்து, தார்ப்பாயை இழுத்துவிட்டேன். வண்டி தெருமுனை திரும்புகிறவரை நின்றேன், நிற்கக் கூடாது என்று தெரிந்தும் நின்றேன். குழாயில் மைனி பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வந்துவிட்டாள்.

நான் பக்கவாசல் வழியாக நுழைந்து என் பாயில் முழங்கால் போடும்போது மைனி கால்நடைகளில் இருக்கிறாள். மூச்சு இரைக்கிறது, பக்கத்தில் இருப்பவள் அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி கண்ணைத் திறக்காமலே என் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். ஆமென் வருகிறது. எல்லாரையும் விடச் சத்தமாக நான் ஆமென் சொல்கிறேன். ரூபிபாய் கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடுகிறாள், நான் இருக்கிறேன். ஐயரம்மா மைக்கை நீட்டுகிறாள். வாங்கிக்கொள்கிறேன். இப்போது தப்பாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "ஒரு பொண்ணு வந்தா. கை வெந்திருந்துது. மருந்து போட்டேன், சோறு போட்டேன், அவ போய்ட்டா. இப்ப என் வீட்டுல இல்ல. அவ்வளவுதான் சாட்சி" என்கிறேன். எல்லாம் உண்மை. "பேரு என்ன, புஷ்பம்?" என்று ரூபிபாய் கேட்கிறாள். கோயிலே என்னைப் பார்க்கிறது. "பேரைக் கேட்டுட்டுத்தானா அக்கா மருந்து போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு மைக்கை அணைக்கிறேன். அவள் எழுந்திருக்கிறாள், கைப்பையை எடுத்துக்கொள்கிறாள், நேராக என் வீட்டுக்குத்தான் போகப் போகிறாள், போகிற வழியிலேயே ஸ்டான்லிக்கும் போன் போட்டுவிடுவாள். போகட்டும். முன்வாசல், பின்வாசல், சாய்ப்பு, எல்லாக் கதவையும் அகலத் திறந்து கல்லை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.